பிளாட்பாரம் வெறிச்சோடியது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரான்சின் பழைய ரயில் நிலையப் படங்கள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் ஒரு திருத்தம். பயணிகள் குறைவு என்பதால்தான் அந்தப் படங்களில் பிளாட்பாரம் வெறிச்சோடிக் கிடக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. அப்படியல்ல. ஆட்கள் இருந்தார்கள், படத்தில் பதியவில்லை, அவ்வளவுதான்.

1855இல் விக்டோரியா மகாராணி பாரிஸ் வந்தபோது பரிசளிப்பதற்காக, பாரிஸிலிருந்து கடலோர ஊரான பூலோனுக்குச் செல்லும் ரயில் பாதையைப் படமெடுக்கும் வேலையை, வங்கியாளர் ஜேம்ஸ் டி ராத்ஸ்சைல்டு, புகைப்படக்காரர் எடுவார் பால்டுஸிடம் ஒப்படைத்தார். அந்தக் காலத்துக் காகித நெகடிவில் (வெளிச்சமும் நிழலும் தலைகீழாகப் பதியும் மூலப்படம்) ஒளி பதிய நிமிடக்கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும். நின்ற தூண் பதியும், நடந்தவர் மறைந்துவிடுவார். கண்ணாடி நெகடிவுக்குச் சில விநாடிகளே போதும். ஆனால் அதன் மேல் பூசிய கொலோடியன் என்ற பசைத் திரவத்தின் ஈரம் காய்வதற்குள், பத்துப் பதினைந்து நிமிடத்தில், படமெடுத்துக் கழுவியாக வேண்டும். காய்ந்த பூச்சுக்குள் படம் கழுவும் மருந்து இறங்காது. அதனால் இருட்டுக் கூடாரமும் கூடவே போகும்.

அந்தப் படங்களில் வானம் வெள்ளையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. நெகடிவில் ஒளியைப் பதியவைக்கும் வெள்ளி அயோடைடு என்ற வேதிப்பொருளுக்கு நீலமும் ஊதாவும்தான் உறைக்கும். வானம் மிதமிஞ்சிப் பதிந்து திட்டுத்திட்டாகிவிடும். அந்தத் திட்டுகளை மறைக்க நெகடிவில் வானத்தின் மேல் மை பூசினார்கள். மை ஒளியைத் தடுப்பதால் பிரிண்டில் அந்த இடம் வெள்ளையாகவே நின்றது. சிவப்பு உறைக்காததால் செங்கல் சுவரோ கருத்துப்போகும்.

நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. 1858இல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியும் புகைப்படக்காரருமான லின்னேயஸ் டிரைப் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியிலுள்ள கல்வெட்டுகளை 21 நெகடிவ்களில் எடுத்து, சுமார் 19 அடி நீளப் படமாக இணைத்தார். மூன்று ஆண்டு கழித்து நாகை–தஞ்சை ரயில் ஓடத் தொடங்கியது.

பால்டுஸ் காலத்துப் பாரிஸ் வடக்கு நிலையம் இன்று அங்கே இல்லை. 1860களில் பெரிய நிலையம் எழும்பியபோது, பழைய முகப்பைக் கழற்றி லீல் நகருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். டெல்டாவின் பழைய நிலையங்களில் புதுப்பிப்பு வேலை நடக்கும் இடங்களிலாவது, சாரம் கட்டும் முன் படமெடுத்து வைக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன். மொபைலை அண்ணாந்து பிடித்தால் சுவர் பின்னால் சாய்ந்து தெரியும். தள்ளி நின்றோ எதிர்மாடியில் ஏறியோ, மொபைலை நேர்குத்தாகப் பிடியுங்கள். சுண்ணாம்பு வேலைப்பாடு துலங்க, வெயில் சுவரில் பக்கவாட்டாக விழும் வேளையே நல்லது. சுவரோரம் அளவுகோல் ஒன்றை நிறுத்துங்கள். பிரிண்ட் போட்டால் பின்புறம் ஊரையும் தேதியையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம்