சந்தைக்கு நடந்து போகிற வழி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுமனை விளம்பரங்களில் எங்கள் பாளையங்கோட்டை மகாராஜநகர், தியாகராஜநகர், பெருமாள்புரம் பெயர்கள் அடிக்கடி வருகின்றன. பள்ளி, கல்லூரி, பஸ் ஸ்டாண்ட் எல்லாம் பக்கம் என்று போடுகிறார்கள். அது உண்மைதான். பிள்ளைகள் படிப்புக்காகத்தான் நாங்களும் 31 வருஷத்துக்கு முன்னால் மகாராஜநகருக்கு வந்தோம்.

பிள்ளைகள் படித்து வெளியூர் போய்விட்டார்கள். "எங்களோடு வந்துவிடுங்கள்" என்று கூப்பிடுகிறார்கள். எனக்குத்தான் இந்த உழவர் சந்தையை விட்டுப் போக மனசு வரவில்லை. காலையில் ஆறு மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினால் பன்னிரண்டு நிமிட நடை. பலகையில் எழுதிப்போட்ட விலை, பேரம் கிடையாது. மார்கழி பிறந்தால் மானூர்ப் பக்கத்து அக்கா ஒருவர் சிறுகிழங்கு கொண்டு வருவார். "டீச்சர், மண்ணோடயே கொண்டு போங்க, கழுவுனா நிக்காது" என்பார். வீட்டுக்கு வந்து கோணிச் சாக்கில் போட்டுத் தரையில் தட்டித் தோல் எடுத்தால், கையில் அந்த மண் வாசம் மத்தியானம் வரைக்கும் இருக்கும்.

அந்தப் பன்னிரண்டு நிமிட நடைதான் இப்போது கஷ்டமாகிவிட்டது. புதிதாகக் கட்டுகிற வீடுகளில் கார் ஏறுவதற்கு வாசலில் இருந்து தெருவின் கால்வாசி வரைக்கும் சிமெண்ட் சரிவு போடுகிறார்கள். அடியில் தண்ணீர் ஓடுகிற வாறுகால் அடைத்துக்கொள்கிறது. ஐப்பசி மழையில் தண்ணீர் பாளையங்கால்வாய்ப் பக்கம் ஓட வழியில்லாமல் தெருவிலேயே நிற்கிறது. ஓரமாக நடக்க இடமில்லை, நடுத்தெருவுக்கு இறங்கினால் பைக். போன மாதம் பாசி பிடித்த சரிவு ஒன்றில் வழுக்கி முழங்காலில் விழுந்தேன். பள்ளிக்குப் போகிற ஒரு பையன்தான் சைக்கிளை நிறுத்தித் தூக்கிவிட்டு, உருண்டு ஓடிய தக்காளியையும் பொறுக்கித் தந்தான். நல்ல பிள்ளை.

நிழலும் போய்விட்டது. எங்கள் தெருவில் ஏழு வேம்பு நின்றது. இப்போது இரண்டுதான். சித்திரை வெயிலில் எட்டு மணிக்கு மேல் திரும்பி வர முடியவில்லை.

என் வயதுக்காரர்களுக்காக மட்டும் கேட்கவில்லை. பார்வையற்றோர் பள்ளியும் காது கேளாதோர் பள்ளியும் நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிற ஊர் இது. வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு அந்தப் பிள்ளைகள் நடப்பதைப் பார்த்துத்தான் பாளையங்கோட்டைக்காரர்கள் வளர்ந்தோம். அடிக்கு ஒரு மேடும் பள்ளமுமாக இருந்தால் அந்தக் கோல் எதைத் தட்டி வழி கண்டுபிடிக்கும்?

சரிவு வீட்டு கேட்டுக்கு உள்ளேயே இருக்க வேண்டும் என்று மாநகராட்சி கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வாறுகாலுக்கு ஒரே மட்டத்தில் மூடி போட வேண்டும். வெட்டிய வேம்புக்குப் பதிலாக அதே இடத்தில் கன்று வைக்க வேண்டும். முதலில் சந்தைக்குப் போகிற தெருக்களில் ஆரம்பித்தால் போதும். அதிகாரிகள் ஒருநாள் காலை ஆறு மணிக்கு வந்தால், எங்கெங்கே கால் தடுக்குகிறது என்று நானே கூட நடந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மகாராஜநகர், பாளையங்கோட்டை.