காம்பியாவுக்குப் புறப்படும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஜனவரியில் பத்து நாள் காம்பியா போவதாக எழுதியிருந்தாய். விடுதி தேடுவதற்கு முன்னால் வரைபடத்தை விரித்துக் காம்பியா ஆற்றைப் பார். ஆப்பிரிக்கப் பெருநிலத்தின் மிகச் சிறிய நாடு காம்பியா. மேற்கே அட்லாண்டிக், மற்ற மூன்று பக்கமும் செனகல். 1889-இல் பிரிட்டனும் பிரான்சும் ஆற்றை ஒட்டியே எல்லை வகுத்தன. நாட்டின் அகலம் எங்கேயும் 50 கிலோமீட்டரைத் தாண்டாது. எனவே, போக நினைக்கும் ஒவ்வொரு ஊருக்குப் பக்கத்திலும் தென்கரையா வடகரையா என்று குறித்துக்கொள். திட்டம் குழம்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

விமான நிலையம், செரகுண்டா நகரம், கடற்கரை விடுதிகள் எல்லாம் தென்கரையில். தலைநகர் பாஞ்சுல் ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் சின்ன ஊர். அரை நாள் போதும். நீ பார்க்க ஆசைப்படும் ஜுஃபூரே கிராமம், குண்டா கிண்டே தீவு, வாஸு கல்வட்டங்கள் மூன்றுக்கும் வடகரை வழியாகத்தான் போக வேண்டும்.

கடக்க இரண்டு வழி. முதலாவது, பாஞ்சுலிலிருந்து வடகரையில் உள்ள பார்ராவுக்கு வண்டிகளையும் ஏற்றிப் போகும் படகு. நேர அட்டவணையை நம்பாதே: இயந்திரம் மக்கர் செய்யும், லாரி வரிசை நீளும். வண்டியோடு போனால் காத்திருப்பு கூடும்; நடந்து ஏறி, பார்ராவில் இறங்கி வாடகைக் கார் பிடிப்பது நல்லது. அளவுக்கு மீறி ஆளேற்றும் மரப்படகுகளில் ஏறவே ஏறாதே. ஊர் திரும்பும் நாளில் படகுப் பயணம் வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

இரண்டாவது வழி 2019 ஜனவரியில் திறந்த செனகாம்பியா பாலம், தென்கரையில் உள்ள சோமாவுக்கும் வடகரையில் உள்ள ஃபராஃபெனிக்கும் நடுவில். தென்கரைச் சாலையில் கிழக்கே போய், பாலம் ஏறி, வடகரையில் வாஸு பார்த்துவிட்டு, ஆற்றுத் தீவு ஊரான ஜன்ஜன்புரேயில் தங்கு. ஒரே நாளில் போய்த் திரும்ப முயன்றால் சாலையைத் தவிர வேறொன்றும் நினைவில் நிற்காது. வாஸுவில் செந்நிறச் செம்புராங்கற்கள் வட்டமாக நிற்கின்றன. அவை பழைய புதைகுழிகளின் அடையாளம். வருகிறவர்கள் அவற்றின் தலையில் சிறு கல் வைத்துப் போவார்கள்.

மேலே போகப்போக ஆறே மாறிவிடும். வறண்ட மாதங்களில் கடலுப்பு 200 கிலோமீட்டருக்கும் மேலே ஏறுவதால் கீழ்ப்பகுதிக் கரைகளில் அலையாத்திக் காடு. நன்னீர்ப் பகுதியில் நீர்யானை. அங்கே ஆற்றுத் தீவுகளில் சிம்பன்சிகளுக்கு மறுவாழ்வு கொடுக்கிறார்கள். தீவில் இறங்க அனுமதியில்லை, படகிலிருந்தே பார்க்க வேண்டும்.

குண்டா கிண்டே தீவுக்கு, ஜுஃபூரேக்குப் பக்கத்து ஊரான அல்பிரெடாவிலிருந்து படகு உண்டு. 2011 வரை ஜேம்ஸ் தீவு என்றிருந்த இடம், அடிமை வணிகத்தின் சாட்சி. தண்ணீர் அரித்துச் சுருங்கிவிட்டது, இடிந்த சுவர்களே மிச்சம். ஜுஃபூரே அருங்காட்சியகத்தை முதலில் பார். அதைப் பார்க்காமல் போனால் அந்தச் சுவர்கள் உனக்கு வெறும் கற்குவியலாகத் தெரியும்.

பணம் தலாசி. பெரிய நோட்டே 200 என்பதால் மாற்றினால் கட்டுக்கட்டாக வரும். ஏ.டி.எம். கடற்கரைப் பகுதியில்தான் எளிதாகக் கிடைக்கும்; உள்நாட்டுக்குத் தேவையான ரொக்கத்தை அங்கேயே எடுத்துக்கொள்.

ஆங்கிலம் அலுவல்மொழி. ஆனால் எடுத்த எடுப்பில் விலை கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. 'சலாம் அலைக்கும்' சொல்லி, நலம் விசாரித்துவிட்டுப் பேச்சைத் தொடங்கு. பொதுத்தட்டில் ஒரே பானையில் சமைக்கும் சோறான பெனாச்சின், வேர்க்கடலைக் குழம்பான டொமொடா என எதை வைத்தாலும், வலக்கையால் உன் முன்னால் இருக்கும் பகுதியை மட்டும் எடுத்துச் சாப்பிடு. நன்றிக்கு மண்டிங்கா மொழியில் 'அபராக்கா'.

ஜனவரியில் மழை இருக்காது. சகாராவிலிருந்து ஹர்மட்டான் காற்று புழுதியோடு வரும், இரவில் ஒரு ஸ்வெட்டர் வேண்டும். மலேரியா மாத்திரையைப் புறப்படும் முன்பே தொடங்க வேண்டியிருக்கும், மருத்துவரிடம் கேள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்ட 10-ஆம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லுபடியாகும். அதை இந்த வாரமே முடித்துவிடு.

அன்புடன்,
அண்ணன்