காற்றுப் பட்டால் வலிக்கும் கன்னத்துக்கு எந்த டாக்டர்?

இந்தியாவில் பல் மருத்துவப் படிப்புகளை நெறிப்படுத்தும் அமைப்பினருக்கு,

வணக்கம். குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். என் அம்மாவுக்கு வலப்பக்கக் கீழ்த்தாடையில் மூன்று பற்கள் இல்லை. மூன்றுமே சொத்தை விழாதவை.

வேலூர் பஸ்ஸில் ஜன்னலோரம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர், ஒருநாள் ஷட்டரை இறக்கிவிடச் சொன்னார். காற்றுப் பட்டதும் கன்னத்தில் சுரீரென்று ஷாக் அடிக்கிறதாம். சில நொடிதான், அப்புறம் ஒன்றுமில்லை. முகம் கழுவினால், பல் துலக்கினால், இட்லியை மென்றால் மறுபடியும். பல்வலி என்றுதான் நாங்களும் நினைத்தோம். ஒரு பல்லைப் பிடுங்கினார்கள். வலி அடுத்த பல்லுக்குப் போனது போலிருந்தது. அதையும் பிடுங்கினார்கள். மூன்றாவதும் போன பிறகு, நரம்பியல் டாக்டர் ஒருவர் கதையைக் கேட்டதுமே சொன்னார்: இது பல்லே இல்லை, முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பின் வலி, டிரைஜெமினல் நியூரால்ஜியா. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட்டு, வலிப்பு நோய்க்குத் தருகிற கார்பமசெபின் மாத்திரையைக் கொடுத்தார். ஒரு வாரத்தில் அம்மா முகத்தைச் சுற்றியிருந்த முந்தானையை எடுத்தார்.

பிடுங்கியவரைத் திட்ட எனக்கு மனமில்லை. நோயாளியே பல்லைத் தொட்டுக் காட்டி ‘எடுத்துடுங்க’ என்றால் அவர் என்ன செய்வார்? ஆனால் ‘காற்றுப் பட்டாலும் வலிக்குதாம்மா?’ என்று கேட்டிருக்கலாம். கேட்கப் பழக்கியிருக்க வேண்டியவர்கள் நீங்கள்.

பல் மருத்துவ மேற்படிப்பான எம்.டி.எஸ்.ஸில் ஒன்பது பிரிவுகள் உண்டு. அவற்றில் வாய் மருத்துவப் பிரிவில் இதுவும் அடங்குகிறதே என்பீர்கள். சரி, அடங்கட்டும். அங்கே வாய்ப்புண், புற்றுநோய், எக்ஸ்ரே என்று எல்லாவற்றோடும் இது ஒரு பாடம், அவ்வளவுதான். அமெரிக்காவில் வாய்-முக வலியைப் பல் மருத்துவத்தின் 12ஆவது சிறப்புப் பிரிவாக 2020 மார்ச்சிலேயே ஏற்றுக்கொண்டார்கள். தாடை மூட்டு வலி, காரணம் தெரியாத நாக்கு எரிச்சல், இந்த நரம்பு வலி எல்லாம் அதில் வரும். அசாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ரயிலேறி வந்து லாட்ஜ் எடுத்து வைத்தியம் பார்க்கிற ஊர் வேலூர். பக்கத்திலேயே இருந்தும் எங்களுக்கு எந்தக் கதவைத் தட்டுவதென்று தெரியவில்லை.

இங்கேயும் தனிப் பிரிவு வேண்டும். அதற்கு நாளாகும் என்றால், பி.டி.எஸ். மாணவர்கள் பல் பிடுங்கப் பழகும் முன்பு, பல்லில் பிறக்காத பல்வலியை அடையாளம் காணவாவது பழகட்டும். தேர்வில் அப்படி ஒரு கேஸ் கட்டாயம் வரும் என்று சொல்லிப் பாருங்கள், தானாகப் படிப்பார்கள்.

அம்மாவுக்கு இப்போது பல் கட்ட வேண்டும். வாயைத் திறக்கச் சொல்லும் எந்த டாக்டரிடமும் வரமாட்டேன் என்கிறார்.

இப்படிக்கு,
குடியாத்தத்து மகள் ஒருத்தி