ஐந்து குப்பி மருந்தும் ஓர் ஆறடிக் குழியும்
(மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கும் கால்நடைத் துறையினருக்கும் ஒரு திறந்த மடல்)

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். முதுமலைக்குக் கிழக்கே, மோயாற்றுக்கு இந்தப் பக்கம் ஐந்து மாடுகளை வைத்துப் பிழைக்கிறவன் எழுதுகிறேன். இப்போது நான்கு.

டைக்ளோஃபினாக் என்கிற வலி மருந்தின் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது போட்ட மாடு செத்து, அந்தக் கறியைத் தின்றால் பாறு என்கிற பிணந்தின்னிக் கழுகு செத்துவிடும். மாட்டுக்குப் போடக் கூடாது என்று 2006-லேயே தடை வந்தது. மனிதருக்கான பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போடுகிறார்கள் என்று தெரிந்ததும், 2015-ல் குப்பி 3 மி.லி.க்கு மேல் போகக் கூடாது என்றார்கள். அதை எதிர்த்த வழக்கிலும் 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடையை நிலைநிறுத்தியது. அதே மாதிரி வலி மருந்துகளான கீட்டோபுரோஃபனையும் அசிக்ளோஃபினாக்கையும் 2023-ல் மாட்டுக்குத் தடை செய்தார்கள், 2024 கடைசியில் நிமிசுலைடையும். தாளில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

போன மாதம் என் செவலைப் பசுவுக்கு மடிநோய். மடி கல் மாதிரி இறுகி, தொட்டால் உதைத்தது. கால்நடை மருந்தகத்தில், பாறுக்குக் கெடுதல் செய்யாத வலி மருந்தான மெலாக்சிகாம் கேட்டேன், இருப்பு இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். மடிநோய்க்கு அடுத்த வாரம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். இருட்டுகிற நேரத்தில் ஒரு மருந்துக்கடைக்குப் போனேன். மாட்டுக்கு வலி ஊசி என்றதும் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஐந்து டைக்ளோஃபினாக் குப்பிகளைச் செய்தித்தாளில் சுருட்டிக் கொடுத்தார். ஒவ்வொன்றும் 3 மி.லி., சட்டப்படி! அவர் தலைக்கு மேலே சுவரில், பாறு படம் போட்ட ‘கால்நடைக்கு டைக்ளோஃபினாக் கொடுக்காதீர்’ நோட்டீஸ் தொங்கியது.

தெரிந்தேதான் வாங்கினேன். மாடு இரவெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது, வேறு என்ன செய்ய? மூன்றாம் நாள் அது செத்தது.

எங்கள் பக்கம் செத்த மாட்டை ஓடைக்கரையில் விட்டுவிடுவோம். வெண்முதுகுப் பாறுகள் நீர்மத்தி மரத்திலிருந்து இறங்கி வந்து, எலும்பைத்தான் மிச்சம் வைக்கும். இந்த முறை அவற்றுக்குக் கொடுக்க முடியவில்லை. அந்தக் கறியைத் தின்றால் சிறுநீரகம் கெட்டு, சில நாளில் கழுத்து தொங்கி விழுந்துவிடும். ஆளுக்குக் கூலி கொடுத்து ஆறடிக் குழி வெட்டிப் புதைத்தேன். மண் தள்ளும்போது மேலே இரண்டு பாறுகள் வட்டமடித்துக்கொண்டிருந்தன.

தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து எண்ணியதில் ஒருமுறை 246, அடுத்த முறை 320 பாறுகள். ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடுகிற பறவை இது. மருந்து போட்ட மாடு ஒன்று ஓடைக்கரையில் கிடந்தால் ஒரே நாளில் எத்தனை போகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

என் கோரிக்கை ஒன்றுதான்: பாறு பறக்கிற பகுதிகளின் எல்லா கால்நடை மருந்தகங்களிலும் மெலாக்சிகாம் எப்போதும் இருக்க வேண்டும். தடை போடுவது பாதி வேலை. மாற்று மருந்து கைக்கு எட்டாவிட்டால் எங்களைத் தப்புச் செய்ய வைத்துவிட்டு, தப்பு என்று எழுதி ஒட்டுகிறீர்கள்.

ஒவ்வொரு செப்டம்பரிலும் பாறு விழிப்புணர்வு நாள் வருகிறது. பிள்ளைகளுக்கு அட்டையில் பாறு முகமூடி மாட்டி ஊர்வலம் விடுகிறார்கள், பேனர், டீ, சமோசா, போட்டோ. பாறுக்குப் படிக்கத் தெரிந்திருந்தால் பேனரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கும். புலி செத்தால் நான்கு ஜீப் வரும். பாறு செத்தால் அது செத்ததைத் தின்கிற பறவைதானே என்று விட்டுவிடுவோம். திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைக்கு வந்து சர்க்கரைப் பொங்கல் தின்றுவிட்டுப் போன இரண்டு பாறுகளும் வராமல் போய் எத்தனையோ வருஷமாயிற்று. யார் தேடினோம்?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைக்காரரைப் பிடித்து உள்ளே போடச் சொல்லவில்லை. அவரைப் போன்றவர்கள் இருக்கிற கடைகளுக்கு, முன்கூட்டிச் சொல்லாமல் ஒருமுறை போய்ப் பாருங்கள் என்கிறேன், அவ்வளவுதான். அப்புறம், மறுபடியும் அதேதான்: மெலாக்சிகாம் இருப்பில் இருக்கட்டும்.

என்னிடம் உள்ள நான்கில் ஒன்று கார்த்திகையில் கன்று ஈனும். அதற்குள் உங்களால் முடிந்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
மோயாற்றங்கரை மாட்டுக்காரன் ஒருவன்