அலுமாரிச் சாவியைக் கொஞ்சம் தேடுங்கள்

மலையகத் தமிழ்ப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும் விஞ்ஞானப் பாடத்துக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும்,

வணக்கம். சென்ற மாதம் தோட்டப் பாடசாலையொன்றின் வினாவிடைப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். "1906ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு யாருக்கு?" என்று நான் கேட்டு முடிக்குமுன் தரம் பத்து மாணவி ஒருத்தி, "கமிலோ கொல்கி, சந்தியாகோ ரமோன் இ கஹால்" என்றாள். கைதட்டல். "1949?" "வால்டர் ஹெஸ், எகாஸ் மொனிஸ்." மறுபடியும் கைதட்டல். மூளையின் முன்பகுதி நரம்பிழைகளை வெட்டிவிடும் மொனிஸின் சிகிச்சை பிற்பாடு எத்தனையோ பேரை நடைப்பிணமாக்கியது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. புள்ளி கிடைத்தால் போதாதா?

"நரம்புக்கலத்தை எப்போதாவது பார்த்திருக்கிறாயா மகள்?" என்று பிறகு கேட்டேன். "படத்தில் பார்த்திருக்கிறேன் சேர்" என்றவள், கண்ணாடி அலுமாரியைக் காட்டினாள். உள்ளே உறை போட்டபடி ஒரு நுணுக்குக்காட்டி. பூட்டில் துரு. பிள்ளைகள் உடைத்துவிடுவார்கள் என்று பூட்டியதாம்.

காவலாளி ஒரு சாவிக்கொத்தோடு வந்தார். ஏழாவது சாவிக்குத் திறந்தது. பெரிய வில்லையில் பூஞ்சணம் சிலந்தி வலைபோலப் படர்ந்திருந்தது. சிறிய வில்லை தப்பியிருந்தது. நம் மலைகளின் ஈரத்தில், காற்றுப் புகாத அலுமாரியைவிடப் பூஞ்சணத்துக்குச் சுகமான இடம் வேறில்லை. பிள்ளைகள் உடைக்கவில்லை ஐயா, பூட்டுத்தான் கெடுத்தது.

சத்துணவுச் சமையலறையில் ஒரு வெங்காயம் வாங்கி, உள்தோலை உரித்து வைத்தோம். மூடுபனி விலகிக் கண்ணாடிக்கு வெளிச்சம் வரக் கால் மணி நேரம் ஆயிற்று. அவள் குனிந்து பார்த்தாள். நிமிரவே இல்லை. "சேர், எங்கள் லயம் மாதிரியே, வரிசை வீடுகளாக இருக்கிறது" என்றாள்.

அவளுக்குத் தெரியாமலே, 1906இல் பரிசு வாங்கிய இருவரின் சண்டைக்குப் பக்கத்தில் போய்விட்டாள். மூளை முழுவதும் ஒன்றோடொன்று இணைந்த ஒரே வலை என்றார் கொல்கி. இல்லை, அருகருகே இருந்தாலும் ஒவ்வொரு நரம்புக்கலமும் தனித்தனி என்றார் கஹால். ஒரே கூரைதான், ஆனால் அறைக்கு அறை சுவர் உண்டு என்பதுபோல. ஒரே மேடையில் பரிசு வாங்கிய பிறகும் கொல்கி தம் உரையில் கஹாலின் கொள்கையை மறுத்தே பேசினார்.

கொல்கி 1873இல் தம் சாயமுறையைக் கண்டுபிடித்தது ஒரு சமையலறையில். பொற்றாசியம் இருகுரோமேற்றில் பதப்படுத்திய மூளைத் துண்டை வெள்ளி நைத்திரேற்றில் ஊறவைத்தால், நெரிசலான கலங்களில் ஒரு சில மட்டும் கிளையும் கொப்புமாகக் கறுத்துத் தெரியும். கஹால், ஓவியனாக ஆசைப்பட்டு, அப்பாவின் பிடிவாதத்தால் செருப்புத் தைப்பவரிடமும் முடிதிருத்துபவரிடமும் வேலை பழகிய பையன். தம் முதல் நுணுக்குக்காட்டியைச் சொந்தச் சேமிப்பில் வாங்கினார். கொல்கியின் அதே சாயத்தால் பறவை மூளையைப் பார்த்துப் பார்த்து வரைந்து, 1888இல் தனித்தனிக் கலங்கள் என்ற முடிவுக்கு வந்தார். கொல்கியின் கருவியை வைத்தே கொல்கியைத் தோற்கடித்தார் என்றுகூடச் சொல்லலாம்.

எனக்கு மிகப் பிடித்தவர் ரீட்டா லெவி-மொண்டல்சினி. 1938இல் இத்தாலியின் இனச் சட்டங்கள் யூதர் என்பதால் அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியே தள்ளின. தூரின் நகரில் தம் படுக்கையறையையே ஆய்வுகூடமாக்கினார். தையல் ஊசிகளைத் தீட்டிக் கருவியாக்கி, முட்டைக்குள் வளரும் கோழி முளையத்தின் நரம்புகளை ஆராய்ந்தார். குண்டுவீச்சுக்குப் பயந்து கிராமத்துக்குப் போனபோதும் விடவில்லை. வீடுவீடாக முட்டை கேட்டு வாங்கினார். முளையத்தை எடுத்தபின் மிச்சமானது குடும்பத்தின் சாப்பாட்டுக்கு. தூரினில் விமானத் தாக்குதல் சங்கு ஊதினால் நுணுக்குக்காட்டியையும் சாயமிட்ட வழுக்கிகளையும் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு ஓடுவார். நரம்புகளை வளரத் தூண்டும் பொருளான நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்ததற்காக 1986இல் ஸ்டான்லி கோஹனோடு நோபல் பரிசு பெற்றார். குண்டு விழும்போதும் அவர் கையைவிட்டு இறங்காத பொருளைத்தான் நாம் பூட்டி வைத்திருக்கிறோம்.

இதைப் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, ஆய்வுகூடமே தேவையில்லை" என்று யாரும் நிதியை வெட்டக் கிளம்பிவிடாதீர்கள். படுக்கையறையை ரீட்டா ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. சட்டம் போட்டு வெளியே தள்ளுவது எப்படி இருக்கும் என்று 1948இன் குடியுரிமைச் சட்டத்தைக் கண்ட மலையகத்தாருக்கு நான் விளக்க வேண்டுமா? கொழுந்து பறிக்கும் தாயின் மகளுக்கும், உயர்தரத்தில் உயிரியல் படிக்க ஒழுங்கான ஆய்வுகூடம் வேண்டும். அதை நீங்கள் கட்டத்தான் வேண்டும். கட்டும்வரை இருப்பதையாவது திறந்து வையுங்கள்.

வினாவிடைப் போட்டியையும் நிறுத்தச் சொல்லவில்லை. யார், எந்த ஆண்டு என்று இரண்டு கேள்வி கேட்டால், எப்படிக் கண்டுபிடித்தார் என்று மூன்றாவதாக ஒன்று கேளுங்கள்.

சனிக்கிழமைகளில் எனக்கு வேலையில்லை. தலவாக்கலையிலிருந்து பஸ் போகும் எந்தப் பாடசாலைக்கும் வருவேன். வில்லை துடைக்கும் துணியும் வெங்காயமும் என் பையில் இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்