தம்பியிடமே கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் தம்பிக்கு 29 வயது, அறிவுசார் குறைபாடு உள்ளவன். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடையில் வேலை பார்க்கிறான். சம்பளத்தைப் போட்டு வைக்கக் கணக்கு தொடங்கலாம் என்று போன மாதம் ஒரு வங்கிக்குப் போனோம். எதிரில் அவன் நிற்க, "இவருக்குக் கையெழுத்து போட வருமா?" என்று என்னைக் கேட்கிறார் அதிகாரி. அவனே பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பெயரை எழுதிக் காட்டினான். அப்புறமும் பாதுகாவலர் சான்றிதழ் கொண்டுவாருங்கள் என்றுதான் பதில்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சொத்து வைத்திருக்கவும் பணத்தைத் தானே நிர்வகிக்கவும் மற்றவர்களைப் போல இவர்களுக்கும் உரிமை உண்டு என்கிறது. போதிய உதவி செய்தும் சட்டப்படி முடிவெடுக்க முடியாதவர்களுக்கு மட்டுமே பாதுகாவலர். அதுவும் குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட முடிவுக்கு, அந்த மாற்றுத்திறனாளியோடு சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும் என்கிறது 14ஆம் பிரிவு. இது கவுன்ட்டரில் இருப்பவருக்குத் தெரிய வேண்டாமா?

நானும் யோக்கியம் இல்லை சார், தீபாவளிச் சட்டையைக்கூட இத்தனை வருடம் நானே எடுத்தேன், போன வருடம்தான் கேட்டேன், மஞ்சள் கட்டம் வேண்டும் என்றான்.

திங்கட்கிழமை மறுபடி போகிறோம். இந்த முறை அவன் பேசுவான், நான் வெளியே வண்டியில் இருப்பேன்.

ஒரு வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்