வயர் தெரியட்டும் சார், தப்பில்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க இணைப்புல மட்டமான சயின்ஸ் ஃபிக்‌ஷன் படங்களைப் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு. எழுதினவர் கடைசியில, காசு இல்லாம மோசமா வந்த படத்தையாவது மன்னிச்சிரலாம், வேணும்னே மோசமா எடுக்குறவங்க ஜனங்களை ஏமாத்துறாங்கன்னு முடிச்சிருந்தார். படிச்சதுல இருந்து மனசு கேக்கல, அதான் எழுதுறேன். நான் சினிமாக்காரன் இல்ல, தஞ்சாவூர்ல 21 வருஷமா ஹார்டுவேர் கடை வச்சிருக்கேன், ஆனா அந்தக் கடை வச்சிருக்கறதாலயே இந்த விஷயத்துல எனக்குச் சொல்ல ஒன்னு இருக்கு.

ரெண்டு வருஷம் முன்னாடி பையன் காலேஜ் லீவுக்கு வந்தப்ப லேப்டாப்பை டிவில மாட்டி ஒரு படம் போட்டான். பேரு 'தி லாஸ்ட் ஸ்கெலிடன் ஆஃப் கடாவ்ரா', 2001ல லேரி பிளாமைர்னு ஒரு அமெரிக்கக்காரர் தானே எழுதி டைரக்ட் பண்ணி ஹீரோவாவும் நடிச்சது, மொத்தச் செலவே ஒரு லட்சம் டாலருக்குக் கீழதானாம். 1950கள்ல அங்க வந்த மலிவுப் படங்க மாதிரியே இருக்கணும்னு டிஜிட்டல்ல எடுத்துட்டு கருப்பு வெள்ளையா மாத்தியிருக்காங்க. வானத்துல இருந்து ஒரு கல்லு விழுந்திருக்கு, அதுக்குள்ள யாருக்கும் கிடைக்காத ஒரு தனிமம் இருக்கு, அதைத் தேடி ஒரு நல்ல விஞ்ஞானியும் அவர் சம்சாரமும், எலும்புக்கூட்டுக்கு உயிர் கொடுக்கத் துடிக்கிற ஒரு கெட்ட விஞ்ஞானியும், ராக்கெட் ரிப்பேராகி இறங்கின வேற்று கிரக புருஷன் பொண்டாட்டியும் காட்டுக்குள்ள அலையுறாங்க, அவ்ளோதான் கதை.

அந்த வேற்று கிரகத்துக்காரங்க கையில ஒரு கருவி வச்சிருக்காங்க, அதைக் காட்டினா ஒரு உருவம் இன்னொரு உருவமா மாறிடும். அதைப் பாத்ததும் நான் உக்காந்த இடத்துல இருந்து எழுந்துட்டேன். சார், அது சிலிகான் கன்! பாத்ரூம் டைல்ஸ் சந்துக்கும் வாஷ்பேசின் ஓரத்துக்கும் சிலிகான் அடிக்கிறது, டியூபை உள்ள வச்சு டிரிக்கரை அமுக்க அமுக்க பின்னாடி கம்பி ஒவ்வொரு பல்லா முன்னாடி தள்ளும், என் கவுன்டருக்குப் பின்னாடி ஆணில எப்பவும் நாலு தொங்கும். அதைத்தான் ஒரு மனுஷன் பிரபஞ்சத்துலயே பெரிய ஆயுதம் மாதிரி பிடிச்சிக்கிட்டு நிக்கிறார், முகத்துல ஒரு துளி சிரிப்பு இல்ல.

அந்தச் சிரிக்காத முகம்தான் சார் விஷயமே. அந்தப் படத்துல ஒருத்தர்கூட, பாத்தீங்களா நாங்க தமாஷ் பண்றோம்னு நம்மளைப் பாத்து கண்ணடிக்கல. விஞ்ஞானி விஞ்ஞானத்துக்காக விஞ்ஞானம் பண்றதைப் பத்தி சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்றார், சம்சாரம் முழு நம்பிக்கையோட கேட்டுக்கிட்டு நிக்குது. எலும்புக்கூடு நடக்குறப்ப தூக்கிப் பிடிக்கிற வயர் தெரியுது, அது தாக்க வர்றப்ப எதிர்ல இருக்கறவங்கதான் உயிர் போற மாதிரி கத்தி அதுக்கு உயிரே கொடுக்கணும். இதை மோசமா நடிக்கிறதுன்னு சொல்லிர முடியாது. நேரம் ஒரு நொடி பிசகினாலும் சிரிப்பு வராது, வெறும் மொக்கையாயிரும். எங்க ஏரியா ஸ்கூல்ல ஆண்டு விழாவுக்கு தெர்மாகோல் ராக்கெட் செய்ய சாமான் வாங்க வருவாங்க, நானே போய் ஒட்டிக் கொடுத்திருக்கேன், அதனால சொல்றேன், பொம்மைன்னு தெரியணும் ஆனா பாக்கப் பிடிக்கவும் செய்யணும், இந்த ரெண்டையும் ஒன்னா கொண்டு வர்றது சாதாரண வேலை இல்ல.

அந்தப் படத்தை எங்க எடுத்தாங்கங்கிறதையும் கட்டுரையாளர் பாக்கணும். லாஸ் ஏஞ்சல்ஸ்ல கிரிஃபித் பார்க்குக்குள்ள பிரான்சன் கேன்யன்னு ஒரு பழைய கல் குவாரி இருக்கு, குகை மாதிரி ஓட்டை போட்டிருக்கும். 1953ல ஃபில் டக்கர் 'ரோபோ மான்ஸ்டர்' எடுத்ததும் இதே இடத்துலதான். அவர்கிட்ட ரோபோவுக்கு டிரெஸ் தைக்க காசு இல்ல, ஜார்ஜ் பேரோஸ்னு ஒரு நடிகர் சொந்தமா கொரில்லா டிரெஸ் வச்சிருந்தார், அவரையே கூப்பிட்டு தலைக்கு மட்டும் முங்கு நீச்சல்காரங்க போடுற மாதிரி ஹெல்மெட்டை மாட்டி விட்டு, இதுதான் உலகத்தை அழிக்க வந்த ரோபோன்னு எடுத்துட்டாங்க. பக்கத்துலயே சோப்பு முட்டை விடுற மெஷின் ஒன்னு ஓடிக்கிட்டே இருக்கும். நாலே நாள்ல ஷூட்டிங் முடிச்சிருக்காங்க. அது இல்லாமையில பிறந்தது, வேணும்னு செஞ்சதில்ல. கிட்டத்தட்ட 50 வருஷம் கழிச்சு பிளாமைர் அதே குவாரிக்குத் தன் ஆளுங்களைக் கூட்டிக்கிட்டுப் போய் நிக்கிறார்னா, அது அந்தப் பழைய ஆளுங்களுக்கு வைக்கிற வணக்கம் சார், அதைப் போய் ஏமாத்து வேலைன்னு எழுதலாமா.

பையன் சொன்னான், 1964லயே சூசன் சொன்டாக்னு ஒரு எழுத்தாளர் இதைப் பத்தி எழுதியிருக்காங்களாம், தன்னை அறியாம அமையுறதுதான் உசத்தி, தெரிஞ்சு செய்றது பெரும்பாலும் ஒரு படி கீழதான்னு. உங்க கட்டுரையாளரும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்றார். படிச்சவங்க சொல்றாங்க, மறுக்க எனக்குப் படிப்பு இல்ல. ஆனா எங்க ஊர்ல பொய்க்கால் குதிரை ஆடுறாங்களே, குதிரைக்கு கீழ மனுஷன் கால் தெரியாமயா இருக்கு? கட்டை காலோட ஆடுறார்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும், ஆடுறவருக்கும் நமக்குத் தெரியும்னு தெரியும், அப்படியும் ராஜா ராணி குதிரை திரும்பி வர்றப்ப கூட்டம் வழி விட்டு ஒதுங்குது. யார் யாரை ஏமாத்தினாங்க அங்க?

இன்னொரு படமும் இருக்கு, 'டார்க் ஸ்டார்', ஜான் கார்பென்டரும் டான் ஓ'பேனனும் காலேஜ்ல படிக்கிறப்ப ஆரம்பிச்சு 1974ல ரிலீஸ் பண்ணது, சுமார் 60,000 டாலர்ல முடிச்சாங்க. விண்வெளிக் கப்பலோட பட்டன் எல்லாம் ஃபிரிட்ஜ்ல ஐஸ் வைக்கிற டிரே, அடியில லைட் போட்டிருக்காங்க, ஸ்பேஸ் சூட்ல நெஞ்சு மேல இருக்கறது கப் கேக் சுடுற குழித்தட்டு. வேற்று கிரக ஜந்து என்னன்னா பீச்ல விளையாடுற காத்துப் பந்து, பெயின்ட் அடிச்சு கீழ ரெண்டு நகக்கால் வச்சிருக்காங்க. அந்தப் பந்து தப்பிச்சு ஓட, ஒருத்தன் அதைத் துரத்திக்கிட்டுப் போய் லிஃப்ட் ஓடுற பள்ளத்துல தொங்குவான் பாருங்க, அதைத் தரையில படுக்க வச்சு கேமராவைத் திருப்பித்தான் எடுத்திருக்காங்க, எனக்கு உள்ளங்கை வேர்த்திருச்சு. கடைசியில மயக்க ஊசியால சுட்டதும் அந்த ஜந்து காத்து போன பலூன் மாதிரி ரூம் முழுக்க சுத்திப் பறந்து விழும். இந்தப் பந்துக்கு ஜனங்க சரியா சிரிக்கலையேன்னு ஓ'பேனனுக்கு வருத்தம், சரி சிரிக்க வைக்க முடியலன்னா பயமுறுத்திப் பாப்போம்னு உக்காந்து எழுதினதுதான் 1979ல வந்த 'ஏலியன்'ங்கிற விண்வெளித் திகில் படம். காத்துப் பந்துல இருந்து அது வரைக்கும் வந்திருக்கு.

எல்லாத்தையும் நல்லதுன்னு சொல்ல மாட்டேன். 2013ல 'ஷார்க்நேடோ' வந்துச்சே, சூறாவளில சுறா பறக்குறது, முதல் படம் எனக்குப் பிடிச்சது, ரம்பத்தோட சுறா வாய்க்குள்ள பாய்றவன் நிஜமாவே பாய்ஞ்சான். 2018க்குள்ள மொத்தம் ஆறு படம் எடுத்துட்டாங்க, போகப் போக நடிக்கிறவங்களே சிரிக்க ஆரம்பிச்சிட்டாங்க, அப்புறம் நாம எதுக்கு. கட்டுரையாளர் கோவப்பட்டது இந்த மாதிரிப் படத்து மேலன்னா நானும் அவர் பக்கம்தான், ஆனா அவர் எல்லாத்தையும் ஒரே மூட்டையில கட்டிட்டார்.

நம்மூர்லயும் 1963லயே 'கலை அரசி'ல நம்பியார் வேற்று கிரகத்துல இருந்து வந்து, அங்க பாட்டு சொல்லிக் கொடுக்க பானுமதியைத் தூக்கிக்கிட்டுப் போவார், எம்.ஜி.ஆர். பின்னாடியே போவார். அது வேணும்னு மலிவா செஞ்சதில்ல, மனசார செஞ்சது. எங்க அப்பா அந்தக் கதையைச் சொல்றப்ப கண்ணெல்லாம் விரியும், அதனாலயோ என்னமோ எனக்கு அட்டை ராக்கெட்டுன்னா இன்னும் ஒரு இது.

உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரை எழுதினவரை கடாவ்ரா படத்தை இன்னொரு தடவை பாக்கச் சொல்லுங்க, விமர்சனம் எழுதுறதுக்குன்னு தனியா போன்ல பாக்க வேண்டாம், ராத்திரி சாப்பிட்டதும் வீட்ல எல்லாரையும் உக்கார வச்சு பெரிய டிவில பாக்கட்டும். நாங்க அன்னைக்குப் பாத்தப்ப எங்க அம்மாவுக்கு ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது, எலும்புக்கூடு எழுந்து நின்னதும் "ஏய் மேல கயிறு தெரியுதுடா"ன்னு சொல்லிக்கிட்டே என் கையைக் கெட்டியா பிடிச்சிக்கிட்டாங்க, படம் முடியுற வரைக்கும் விடல.

இப்படிக்கு,
ஒரு ஹார்டுவேர் கடைக்காரர்,
தஞ்சாவூர்.